எந்த விளக்கின் கீழ் ஆயிரம் மணி நேரம்?

1986இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங் உருவாக்கிய கரிமச் சூரிய மின்கலத்தின் திறன் சுமார் 1 விழுக்காடு. இன்று ஆய்வக மின்கலங்கள் 19 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. ஆயுள்தான் அந்த வேகத்தில் நீளவில்லை.

உலோக ஆக்சைடுகளை நாம் நாடியதே ஆயுளுக்காகத்தான். முன்பு அடியில் வைத்த பெடாட்:பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் அமிலத்தன்மை உடையது, ஈரத்தை இழுப்பது, இண்டியம் டின் ஆக்சைடு மின்முனையை அரிப்பது. மின்கலத்தைத் தலைகீழாக்கி, அடியில் துத்தநாக ஆக்சைடும் மேலே மாலிப்டினம் ஆக்சைடும் வெள்ளியும் வைத்ததும் அந்தத் தொல்லை நீங்கியது. காற்றில் கெடும் கால்சியம் மின்முனையும் தேவையற்றுப் போனது.

ஃபுல்லரீன் அல்லாத ஏற்பிகள் வந்தபின் இந்த நிம்மதி நீடிக்கவில்லை. துத்தநாக ஆக்சைடு ஓர் ஒளிவினையூக்கி. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதா ஒளி பட்டதும் அதன் பரப்பில் வினைத்திறன் மிகுந்த இனங்கள் பிறக்கின்றன. ஐடிஐசி, 2019இல் வந்த ஒய்6 போன்ற மூலக்கூறுகளில் நடுப்பகுதியையும் முனைகளையும் இணைக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்பை அவை தாக்குகின்றன. பிணைப்பு அறுந்தால் மூலக்கூறு ஒளியை உறிஞ்சும் தன்மையையே இழக்கிறது. சேதம் எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதியில்தான். ஆனால் எலக்ட்ரான்கள் அனைத்தும் வெளியேற வேண்டிய வாசல் அது.

இங்கேதான் நம் அளவீட்டுப் பழக்கம் உண்மையை மறைக்கிறது. வெள்ளை எல்இடி விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. அதன் கீழ் ஆயிரம் மணி நேரம் தாங்கிய மின்கலம் வெயிலில் என்ன ஆகும் என்பதற்கு அந்த எண் பதிலாகாது. ஒளிமூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று நிலைப்புத்தன்மைச் சோதனைக்கான 2011இன் ஐசோஸ் நெறிமுறைகளே சொல்லிவிட்டன. இருந்தும் எங்கள் இதழுக்கு வரும் பல கையெழுத்துப் படிகளில் ‘ஒரு சூரியன்’ என்ற சொல்லோடு விவரம் முடிந்துவிடுகிறது.

புற ஊதா வடிகட்டி பயன்படும். பொருளாகச் சந்தைக்குப் போகும் தகட்டில் அது இருக்கட்டும். எல்லை வேதியியலை ஆராயும் கட்டுரையில் அதைத் தீர்வாக ஏற்க எங்களுக்குத் தயக்கம் உண்டு. ஒளிவினையூக்கம் குறைந்த டின் ஆக்சைடும், துத்தநாக ஆக்சைடின் மேல் படியும் ஒற்றை மூலக்கூறு அடுக்கும் நோயின் இடத்தையே தொடுகின்றன. மேல்புறத்தில், வெப்பத்தில் மாலிப்டினம் ஆக்சைடும் வெள்ளியும் கரிம அடுக்குக்குள் ஊடுருவுவது தனிக் கவலை.

இனி எங்களுக்கு நிலைப்புத்தன்மைக் கட்டுரை அனுப்புவோர் விளக்கின் நிறமாலையை 300 நானோமீட்டரிலிருந்து இணைக்க வேண்டுகிறோம். வடிகட்டி இருந்தால், அது இல்லாமல் எடுத்த வரைபடமும் உடன் வரட்டும்.