அயலாரின் ஆராதனையும் நம் பரியாசமும்



தியானப் பகுதி: மத்தேயு 27:27–31

தேர்தல் காலம் வந்தால் நம் கைப்பேசிகளில் கேலிச்சித்திரங்கள் குவிகின்றன. அவற்றோடு பிற சமயத்தாரின் வழிபாட்டை ஏளனம் செய்யும் படங்களும் கலந்து வருகின்றன. விசுவாசிகள் சிலர் அவற்றை மற்றவர்களுக்கும் அனுப்புகிறார்கள். இது நமக்குத் தகாது.

ஆளுகிறவர்களைக் கேலி செய்வதை நான் குறைகூறவில்லை. ஏரோதை நரி என்று ஆண்டவரே குறிப்பிட்டார் (லூக்கா 13:32). பாரதியாரின் ‘இந்தியா’ இதழ் ஆங்கில ஆட்சியைச் சித்திரங்களால் சாடியது. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியருக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தபோது, எதிர்ப்பு வலுத்து, சில நாள்களிலேயே அவர் விடுதலையானார். அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் கேலி வேறு. அயலான் கைகூப்பி நிற்கும் இடத்தை எள்ளும் கேலி வேறு.

“எலியா பரியாசம் பண்ணவில்லையா?” என்று கேட்பீர்கள். பண்ணினார் (1 இராஜாக்கள் 18:27). ஆனால் அந்தப் பாகால் தீர்க்கதரிசிகள் 450 பேர். அரசியின் ஆதரவில் வாழ்ந்தவர்கள். எலியாவோ உயிருக்குத் துணிந்து தனியாக நின்றவர். அவருடைய துணிவு நம்மிடம் இல்லாதிருக்க, அவருடைய பரியாசத்தை மட்டும் கடன் வாங்குவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஐயர் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது, அவருக்குத் துணைநின்று உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர். அதே காலத்தில் மிஷன் அச்சகங்கள் சைவ வழிபாட்டை இகழ்ந்து துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டன. நாவலர் 1854-இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். நம்மவர் இகழ்ந்த விளக்கு, தூபம் முதலியவற்றுக்கு இணையானவற்றைப் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக்காட்டினார். அவர் முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நம் வேதத்தை அவ்வளவு ஊன்றிக் கற்றவரை நம் ஏளனம் ஓரடிகூட அருகில் கொண்டுவரவில்லை.

கிறிஸ்தவர்கள் தங்களுக்குள்ளும் இப்படியே செய்தார்கள். 1850-இல் போப்பரசர் இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர் பீடங்களை மீண்டும் ஏற்படுத்தியபோது, ‘பஞ்ச்’ இதழ் அவரைக் கடுமையாகக் கேலி செய்தது. அதன் அட்டையை வரைந்த ஓவியர் ரிச்சர்ட் டாயில் கத்தோலிக்கர். தம் விசுவாசம் நகைப்புக்குள்ளாவதைப் பொறாமல், அவர் அந்த வேலையையே விட்டு விலகினார். சிரித்தவர்கள் நடுவில் ஒருவர் புண்பட்டுக்கொண்டிருந்தார்.

கண்டனூரிலும் காரைக்குடியிலும் நம் அயலாருள் பெரும்பாலோர் சைவர். நாம் அனுப்பும் படம் அவர்கள் கைக்கும் போய்ச் சேரும். அதன் பிறகு எந்த வாயால் அவர்களுக்கு அன்பைப் பிரசங்கிப்போம்?

முள்முடியும் சிவப்பு அங்கியும் போர்ச்சேவகர் நம் ஆண்டவரை வைத்து நடத்திய கேலிக்கூத்து. அன்று சிரித்தவர்கள் பக்கத்தில் அவர் இல்லை. சிரிப்புக்கு ஆளானவராக நின்றார். அவருடைய பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை இந்த வாரம் ஜெபத்தோடு சிந்தியுங்கள். அடுத்த படம் வரும்போது அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

கர்த்தர்தாமே நம் உதடுகளையும் விரல்களையும் காப்பாராக. ஆமென்.