மின்ஐஓ: கன்டெய்னர் ஓடுது, பாதுகாப்பு இருக்கா?

அமேசான் எஸ்3-க்கு மாசாமாசம் பில் கட்டாம, கோப்புகளைச் சொந்த சர்வர்களிலேயே பிரித்துச் சேமிக்க உதவும் மென்பொருள் மின்ஐஓ. ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. டாக்கரில் ஒரே கமாண்ட், வேலை முடிஞ்சது. அந்த வசதிக்குத்தான் இப்போ சிக்கல்.

என்ன நடந்தது?

2021-ல் உரிமம் அப்பாச்சியிலிருந்து ஏஜிபிஎல்-க்கு மாறியது. 2025 மே மாதம், இலவசப் பதிப்பின் கன்சோலிலிருந்து நிர்வாக வசதிகள் நீக்கப்பட்டன. அக்டோபரில் ரெடிமேட் இமேஜ் வெளியிடுவதும் நின்றது. இனி சோர்ஸ் கோடு மட்டும்தான். டிசம்பரில் அதுவும் 'பராமரிப்பு நிலை'க்குப் போனது. புதிய வசதிகள் வராது.

ஆபத்து எங்கே?

கன்டெய்னர் நிற்காமல் ஓடுவதுதான் பிரச்சினையே. 'லேட்டஸ்ட்' என்று இழுத்தாலும் வருவது செப்டம்பர் இமேஜ். ஒரு கணக்கு தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்ள வழிவிடும் ஓட்டையை அக்டோபர் கோடில் அடைத்துவிட்டார்கள். அந்த இமேஜில் அது அப்படியே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

சோர்ஸ் கோடிலிருந்து நீங்களே இமேஜ் கட்டலாம். அதற்கு முன், டேட்டா கன்டெய்னருக்கு வெளியே வால்யூமில் இருக்கிறதா என்று பாருங்கள். சீவீட்எஃப்எஸ், கராஜ், செஃப் ஆகியவற்றுக்கும் மாறலாம். மூன்றும் எஸ்3 ஏபிஐ பேசும் என்பதால் அப்ளிகேஷனில் பெரிய மாற்றம் தேவைப்படாது. ஆனால் கோப்புகளை முழுசா காப்பி பண்ணித்தான் ஆகணும்.

உரிமம் என்னன்னு பார்க்கிற நாம, இமேஜை யார் கட்டித் தர்றாங்கன்னும் பார்க்கணும்.