மஞ்சள் சட்டையும் டெக்சாஸ் மாலையும்
அமெரிக்காவில் வாழும் இளம் தமிழ்த் தந்தையரின் கிரிக்கெட் ஆர்வத்துக்குக் கடிகாரமே முதல் எதிரி. இந்தியாவில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் நியூ ஜெர்சியில் காலை 10 மணிக்கும், டெக்சாஸில் 9 மணிக்கும், பே ஏரியாவில் 7 மணிக்கும் வருகிறது. வார நாளில் அது அலுவலக நேரம். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, தமிழ்ப்பள்ளி நேரம். 2023 ஜூலையில் அமெரிக்காவில் தொடங்கிய மேஜர் லீக் கிரிக்கெட் டெக்சாஸ்காரர்களுக்கு இதை மாற்றியது. டாலஸ் அருகே கிராண்ட் பிரெய்ரியில், முன்பு பேஸ்பால் ஆடப்பட்ட அரங்கில், டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் தொடக்க ஆட்டத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் நைட் ரைடர்ஸை வென்றது. ஐபிஎல்லின் சென்னை அணியின் அதே மஞ்சள், கோடை விடுமுறை, மாலை ஆட்டம். தந்தையின் தனி ரசனை குடும்பப் பொழுதாவதற்கு அணியின் புகழைவிட இந்த நேரப் பொருத்தமே பெரிய காரணம்.