குட்டி யானைக்கு கரண்டா? முதலில் பிளக்கைக் காட்டுங்கள்!

ராத்திரி 2 மணி. பட்டினப்பாக்கம் தூங்குகிறது. ஆனால் சீனிவாசபுரத்தில் சில வீடுகளில் மட்டும் விளக்கு எரிகிறது. காலி ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குட்டி யானைகள் காசிமேட்டுக்குக் கிளம்புகின்றன. ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, விடிவதற்குள் லூப் ரோடு மார்க்கெட்டில் கொண்டு வந்து இறக்கியாக வேண்டும். அரைமணி நேரம் தாமதமானால் அன்றைய வியாபாரம் போச்சு.

குட்டி யானை என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாட்டா கம்பெனி 2005-ம் ஆண்டு விட்ட ‘ஏஸ்’ என்ற சின்ன லாரிதான் அது. கம்பெனி வைத்த பெயரை விட ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது.

அந்த யானை இனி டீசல் குடிக்க வேண்டாம், கரண்ட் குடித்தால் போதும் என்கிறார்கள். 2022-ம் ஆண்டு மே 5-ந் தேதி ‘ஏஸ்’ மின் வண்டியை டாட்டா அறிமுகம் செய்தது. 2023 ஜனவரியில் வண்டிகள் கைக்கு வந்தன. பிறகு மஹிந்திராவின் ‘சியோ’ 2024-ல் வந்தது. நம்ம ஊர் அசோக் லேலண்டின் ‘ஸ்விட்ச்’ கம்பெனியும் சரக்கு வண்டி போட்டிருக்கிறது. விளம்பரத்துக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் லூப் ரோட்டில் நின்று, “அண்ணே, அடுத்த வண்டி கரண்ட் வண்டிதானே?” என்று கேட்டுப் பாருங்கள்.

“முதல்ல பக்கத்து வீட்டுக்காரன் வாங்கட்டும் தம்பி. அவன் வண்டி அஞ்சு வருஷம் ஓடட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

இதுதான் பொதுவான பதில். “இவர்களுக்கு விவரம் தெரியாது, புதுசு என்றாலே பயம்” என்று கோட்டு போட்டவர்கள் சிரிக்கலாம். நாம் சிரிக்க மாட்டோம். பயப்படுகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது.

பெரிய கம்பெனி சொன்ன வாக்கு

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பிக்-அப் வண்டிதான் குட்டி யானை. நம்முடையதை விடப் பெரிசு, அவ்வளவுதான். 2021 மே மாதம் ஃபோர்டு கம்பெனி ‘லைட்னிங்’ என்ற மின் பிக்-அப்பைக் காட்டியது. விலை ஏறத்தாழ 40 ஆயிரம் டாலரில் தொடங்கும் என்றது. 2 லட்சம் பேர் வரை பெயர் பதிந்தார்கள்.

நடந்தது என்ன? 2023 மார்ச்சில் அதே வண்டியின் தொடக்க விலை 60 ஆயிரம் டாலரைத் தொட்டது! பின்னால் இழுவைப் பெட்டி கட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதிக்குப் பாதி குறைகிறது என்று ஓட்டிப் பார்த்த பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் பின்வாங்கினார்கள். விலையைக் குறைத்தும் பயனில்லை. 2025 டிசம்பரில் அந்த வண்டித் தயாரிப்பையே நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்துவிட்டது. ‘ராம்’ பிக்-அப் கம்பெனியும் இதே கதைதான். 2023-ல் தடபுடலாக விளம்பரம் செய்த முழு மின் வண்டியை, ஒன்றைக் கூட விற்காமலே 2025 செப்டம்பரில் கைவிட்டது.

அமெரிக்கா எங்கோ இருக்கிறது, நமக்கு என்ன என்கிறீர்களா? ஃபோர்டு நமக்கு எங்கோ இருக்கிற கம்பெனியா? மறைமலைநகரில் 1990-களில் கடை விரித்த கம்பெனி அது. 2021 செப்டம்பரில் “இந்தியாவில் இனி கார் செய்ய மாட்டோம்” என்று சொல்லிவிட்டுப் போனது. 2022 ஜூலையோடு மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வாசலில் நின்று போராடியதை மறந்துவிட்டோமா? இப்போது என்ஜின் செய்யத் திரும்பி வருகிறேன் என்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பெரிய கம்பெனி என்பதற்காக வாக்கு தவறாது என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

நம் நாட்டிலும் ஒரு பழைய கதை உண்டு. 2016-லேயே மஹிந்திரா ‘இ-சுப்ரோ’ என்று ஒரு மின் சரக்கு வேன் விட்டது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

கணக்கு போட்டால்...

சரி, வண்டிக்கு வருவோம். ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று முதல் மின் ஏஸுக்கு சர்டிபிகேட் இருக்கிறது. அது பரிசோதனைக் கணக்கு. ஐஸ் பெட்டி ஏற்றி, மேட்டில் ஏறி, ராயபுரம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு எடுத்த கணக்கு அல்ல.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். தூரம் நம்ம ஆட்களுக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து காசிமேடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போய் வந்தால் 25. சொன்ன தூரத்தில் பாதி ஓடினாலும் மீன் மார்க்கெட்டுக்கு வந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2025 ஜூன் மாதம் டாட்டா ‘ஏஸ் புரோ’ விட்டபோது பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 99 ஆயிரம். அதே உருவத்தில் மின் வண்டி 6½ லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சம் ரூபாய்! போதாக்குறைக்கு அந்த செப்டம்பரில் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. மின் வண்டிக்கு முன்பும் 5 சதவீதம், பின்பும் 5 சதவீதம். அதாவது பெட்ரோல் வண்டியின் விலை இறங்கியது, மின் வண்டி இருந்த இடத்திலேயே நின்றது.

இப்போது ஒரு தோராயக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 20 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 5 ரூபாய். கரண்டில் 1 ரூபாய் என்று தாராளமாகவே போடுவோம். மிச்சம் 4 ரூபாய்.

தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு ஒரு நாளில் 400 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 1 லட்சத்து 20 ஆயிரம். இரண்டரை லட்சம் இரண்டு வருஷத்தில் வந்துவிடும். ஜோர்!

ஆனால் நம்ம மீன் வண்டி தினம் 30 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மிச்சம் 120 ரூபாய். வருஷத்துக்கு 36 ஆயிரம். கூடுதலாகக் கொடுத்த பணத்தை எடுக்கவே 7 வருஷம் ஆகும். இதில் கடன் வட்டி சேரவில்லை. முதல் மின் ஏஸின் பேட்டரிக்குக் கம்பெனி சொன்ன உத்தரவாதம் எத்தனை வருஷம் தெரியுமா? 7 வருஷம்! முதல் திரும்பி வருகிற நேரத்தில் பேட்டரி உத்தரவாதம் முடிகிறது.

அப்படியானால் இந்த வண்டியை யாருக்காகச் செய்தார்கள்? 2022-ல் அறிமுகம் செய்த அன்றே 39 ஆயிரம் வண்டிகளுக்கு டாட்டா ஒப்பந்தம் போட்டது. யாரோடு? அமேசான், ஃபிளிப்கார்ட், பிக்பாஸ்கெட் மாதிரி கம்பெனிகளோடு. அவர்களுக்கு சொந்த ஷெட் உண்டு, ஷெட்டில் சார்ஜர் உண்டு, வண்டி பகல் முழுக்க ஓடும். அவர்களுக்குக் கட்டுப்படியாகும். தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி ஒற்றை வண்டிக்காரனை இழுப்பதுதான் தப்பு.

டீசல் வண்டி நடுவழியில் நின்றால் தெரு முனை மெக்கானிக் வருவார். எந்த ஸ்பேரும் புதுப்பேட்டையில் கிடைக்கும். பழசானால் விற்று அடுத்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். குட்டி யானை வைத்திருப்பவருக்கு அதுதான் பேங்க், அதுதான் மகள் கல்யாணச் சீட்டு. பழைய மின் வண்டிக்கு என்ன விலை கொடுப்பார்கள்? புதுப்பேட்டையில் பேட்டரிக்கு வைத்தியம் உண்டா?

சார்ஜ் எங்கே போடுவது?

சாதாரண பிளக்கில் சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க ஆகும். சீனிவாசபுரத்தில் குடியிருப்பு வாரிய வீடுகளில் மூணாவது மாடியில் இருப்பவர் ஜன்னல் வழியாக ஒயர் இறக்குவாரா? இறக்குவார்! நம் ஆட்கள் இறக்கிவிடுவார்கள். அதுதான் நமக்குப் பயமாக இருக்கிறது.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அப்பாவும் சின்ன மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதன் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது உண்மை. ஸ்கூட்டர் வேறு, சரக்கு வண்டி வேறு என்பதும் உண்மை. ஆனால் குழந்தைகள் தூங்குகிற மாடிப்படிக்கு அடியில், உப்புக்காற்று அரித்த ஒயரில், ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறினால் என்ன ஆகும்? போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று செய்திக்கு அலைகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை எப்படி மிதந்தது என்று தெரியும். முட்டியளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்ற மின் வண்டிக்கு யார் பொறுப்பு? இன்சூரன்ஸா, கம்பெனியா? இதை எழுத்தில் கொடுக்கட்டும்.

மின்சார வண்டி சென்னையில் ஓடவே ஓடாது என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. டெப்போவில் முதலில் சார்ஜ் போட இடம் கட்டினார்கள். அப்புறம் பஸ் வந்தது. பஸ்ஸுக்கு ஒரு நியாயம், மீன் வண்டிக்கு ஒரு நியாயமா?

மத்திய அரசின் 2024 ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் பஸ்ஸுக்குப் பணம் இருக்கிறது. டூவீலருக்கும் மூணு சக்கர வண்டிக்கும் பணம் ஒதுக்கினார்கள். பெரிய லாரிக்குக் கூட இருக்கிறது. மூன்றரை டன்னுக்குள் இருக்கிற குட்டி யானைக்கு மட்டும் இல்லை! நடுவில் பிறந்த பிள்ளை மாதிரி விட்டுவிட்டார்கள். இதை டெல்லி திருத்த வேண்டும்.

மாநகராட்சி 2024 ஆகஸ்டில் லூப் ரோட்டில் 366 கடைகளோடு மீன் மார்க்கெட் திறந்தது. அந்த மார்க்கெட்டை ஒட்டி, சரக்கு வண்டிக்கென்றே, காவலோடு, மீட்டரோடு பத்து சார்ஜ் பாயிண்ட் போடட்டும். காலையில் மீன் இறக்கிய வண்டி மறுநாள் ராத்திரி வரை சும்மாதானே நிற்கிறது?

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. நட்சத்திர ஓட்டலில் திரை விலக்கிக் காட்டியது போதும். ஒரு வண்டியை ஒரு மாதத்துக்குப் பட்டினப்பாக்கத்தில் விடுங்கள். முழு லோடு, முழு ஐஸ். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை யூனிட் பிடித்தது என்று மார்க்கெட் வாசலில் போர்டு எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து என்ன விலைக்குத் திருப்பி எடுப்பீர்கள் என்பதையும் அதே போர்டில் எழுதுங்கள்.

வண்டி ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வந்துவிட வேண்டும். 2 மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.