இந்திய லைசென்ஸ் பிரிட்டனில் எத்தனை நாள் செல்லும்?

வேலைக்காக லண்டனோ மான்செஸ்டரோ போறீங்களா? இந்திய லைசென்ஸை வைத்தே 12 மாதங்கள் வரை அங்கே கார் ஓட்டலாம். நீங்கள் குடியேறும் நாளிலிருந்து இது தொடங்கும்.

அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா? முடியாது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற குறிப்பிட்ட நாடுகளின் லைசென்ஸை மட்டுமே டெஸ்ட் இல்லாமல் மாற்றித் தருவார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதே விதிதான்.

வழி என்ன? டிவிஎல்ஏ-வில் புரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, தியரி, பிராக்டிகல் இரண்டிலும் பாஸாக வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தால் கியர் கார் ஓட்ட முடியாது.

சிக்கலே இங்கேதான்: பிராக்டிகலுக்குத் தேதி கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம். 12 மாதம் முடிந்தும் தனியாக ஓட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், இன்ஷூரன்ஸும் கைவிடலாம். அதனால் போய் இறங்கியதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.