ஆண்டுக்கு ஒரு குத்தகைதாரர்: கெடுவது யாருடைய நிலம்?

காவிரிப் பாசனப் பகுதியில் நிலத்தைத் தாமே பயிர் செய்ய இயலாமல் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் எல்லோரும் பெரும் பண்ணையார்கள் அல்லர். வேலை நிமித்தம் வெளியூர் சென்ற ஆசிரியர்கள், எழுத்தர்கள், கணவரை இழந்த பெண்கள், பிள்ளைகள் பட்டணத்தில் தங்கிவிட்ட முதியவர்கள் என இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் உடையவர்களே அவர்களில் பெரும்பாலோர். இவர்களில் பலர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்து வருகிறார்கள். ஒருவரிடமே நிலம் தொடர்ந்து இருந்தால் அது கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சி, ஆண்டுதோறும் ஆளை மாற்றுகிறார்கள். கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் கொடுப்பதில்லை. நிலத்தைக் காப்பதாக எண்ணிச் செய்யும் இந்தக் காரியமே நிலத்தைக் கெடுத்துவிடுகிறது.

மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை உடைய ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இதற்குத் தக்க உதாரணம். மூன்று ஏக்கர் என்பது ஊர்க் கணக்கில் ஒன்பது மா. தந்தைக்குப் பின் 2016-ல் நிலம் அவர் பொறுப்புக்கு வந்தது. அவர் குடியிருப்பது திருச்சியில். "மூணு வருஷம் ஒருத்தன்கிட்டயே விட்டுடாதீங்க, அப்புறம் எழுப்ப முடியாது" என்று உறவினர்கள் எச்சரித்தார்கள். (இவ்வாறு எச்சரிப்பவர்கள் பெரும்பாலும் நிலமே இல்லாதவர்களாக இருப்பது ஒரு வேடிக்கை.) ஆசிரியரும் அதை நம்பி, ஒவ்வொரு தை மாதமும் அதிகம் தருவதாகச் சொல்பவருக்கு வாய்ச்சொல்லாக நிலத்தை விட்டார். முதல் ஆண்டு ஏக்கருக்கு 10 மூட்டை. அடுத்த ஆண்டு போட்டியில் 12 மூட்டை வரை ஏறியது. மகசூலோ ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 36-தான்.

வயலில் என்ன நடந்தது என்பதை அவர் அப்போது பார்க்கவில்லை. முதலில் நின்றது தொழு உரம். தொழு உரத்தின் பலன் இட்ட பயிரோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த பயிருக்கும் கிடைக்கிறது. அந்த அடுத்த பயிர் வேறொருவருடையது என்றால் வண்டி வைத்து யார் எரு அடிப்பார்கள்? "ஐயா, அடுத்த வருஷம் யாரோ அறுக்கப்போற வயலுக்கு நான் எதுக்கு எரு அடிக்கணும்?" என்று ஒரு குத்தகைதாரர் நேரிலேயே கேட்டிருக்கிறார். அது பொறுப்பற்ற கேள்வி என்று ஆசிரியர் அன்று கருதினார். அதில் தவறான கணக்கு ஒன்றுமில்லை.

தொழு உரத்தோடு பசுந்தாள் உரமும் நின்றது. கோடை மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுதால் ஐந்தாறு டன் தழை மண்ணுக்குள் போகும். ஆனால் அந்த மாதங்களில் அடுத்த குத்தகை யாருக்கு என்பதே முடிவாகியிருக்காது. வரப்புகளை வெட்டி அண்டை கட்டுவதும் அப்படியே தேய்ந்தது. நண்டு வளைகள் வழியே நீர் வடிந்தது. இட்ட யூரியா பக்கத்து வயலுக்கும் வடிகாலுக்கும் போனது. போன யூரியாவுக்கு ஈடாக இன்னும் கொஞ்சம் யூரியா போட்டார்கள்.

எவரும் கணக்கில் சேர்க்காத இழப்பு உளுந்து. சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் ஈரத்திலேயே உளுந்தைத் தெளித்துவிட்டால், பனியிலும் எஞ்சிய ஈரத்திலும் விளைந்து சித்திரைக்குள் கைக்கு வந்துவிடும். மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். குத்தகை தை மாதத்தோடு முடிவதால், வெளியேறுகிறவர் தெளிப்பதில்லை. புதிதாக வருகிறவர் வருவதற்குள் பருவம் தப்பிவிடும். நான்கு ஆண்டுகளில் நான்கு உளுந்துப் பயிர்கள் இவ்வாறு போயின.

2020-ம் ஆண்டு மகசூல் ஏக்கருக்கு 27 மூட்டையாக இறங்கியிருந்தது. அடுத்த சம்பாவை 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழை அறுவடை நேரத்தில் சாய்த்தது. டெல்டா மாவட்டங்கள் முழுவதும் அப்போது நெற்கதிர்கள் நீரில் முளைத்தன. அரசு ஹெக்டேருக்கு ரூ.20,000 இடுபொருள் நிவாரணம் அறிவித்தது. குத்தகைதாரர் பெயர் பதிந்தால் ஆபத்து என்று அடங்கலில் ஆசிரியர் தம் பெயரையே வைத்திருந்தார். ஆகவே மூன்று ஏக்கருக்குரிய 24,000 ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அவர் கணக்குக்கு வந்தது. விதைத்து, நட்டு, கடன் வாங்கி உரம் போட்டவருக்கு எதுவும் வரவில்லை. ஆசிரியர் அத்தொகையைக் குத்தகைப் பாக்கிக்காக வரவு வைத்துக்கொண்டார். கூலி போட்டு நெல்லை அறுக்காமலே அந்தக் குத்தகைதாரர் விலகிப் போனார். அடுத்த சம்பாவுக்கு அந்த ஊரில் யாரும் அந்த வயலைக் கேட்டு வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓட, ஒன்பது மாவும் அறுகும் கோரையுமாகத் தரிசு கிடந்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1955-ம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், எழுதிய ஒப்பந்தம் உள்ளவரை மட்டும் பாதுகாப்பதல்ல. தம் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பயிர் செய்பவருக்கு, வாய்மொழியாக விட்டிருந்தாலும் பாதுகாப்பு உண்டு. குத்தகை செலுத்தாமை, நிலத்தைப் பாழாக்குதல், வேளாண்மை அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துதல், உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகிய காரணங்களுக்காக, உரிய வருவாய் அதிகாரி வழியாகவே வெளியேற்ற முடியும். அப்படியானால் தாள் எழுதாததால் உடைமையாளருக்கு என்ன லாபம்? எதுவும் இல்லை. மாறாக, என்ன குத்தகை பேசினோம், எவ்வளவு பாக்கி, நிலம் எந்த நிலையில் கொடுக்கப்பட்டது என்பதற்குத் தம்மிடமுள்ள ஒரே சான்றையும் அவர் இழந்துவிடுகிறார். குத்தகை அளவிலும் இப்படித்தான். நஞ்சைக்கு 1956-ம் ஆண்டுச் சட்டம் முதலில் விளைச்சலில் 40 விழுக்காடு என்று வைத்திருந்த நியாய வாரம், பின்னர் 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 36 மூட்டை விளைந்த நிலத்தில் அது 9 மூட்டை. பன்னிரண்டு கேட்டவர் சட்டத்தின் முன் எதைக் காட்டி நிற்பார்?

குத்தகைதாரர்கள் பக்கம் தவறே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. களத்தில் அளப்பதற்கு முன்பே மூட்டைகள் வேறு வழியில் போவதும் உண்டு; ஆண்டுக்கணக்கில் குத்தகை கொடாமல் வழக்கில் இழுத்தடிப்போரும் உண்டு. உடைமையாளர்களின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் அறுவடையன்று கூட வயலுக்கு வராதவருக்கு இவையெல்லாம் எப்படித் தெரியவரும்?

தரிசு கிடந்த ஆண்டில்தான் ஆசிரியர் உதவி வேளாண்மை அலுவலருடன் வரப்பில் முழுவதுமாக நடந்து பார்த்தார். மண் மாதிரி எடுத்து அனுப்பியதில் அங்ககச் சத்துக் குறைவும் துத்தநாகப் பற்றாக்குறையும் தெரிந்தன. விலகிப் போன குத்தகைதாரரின் வீட்டுக்கு அவரே சென்றார். பழைய பாக்கியைத் தள்ளினார். வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது, பாதியைப் போதும் என்று அந்தக் குத்தகைதாரர் பெற்றுக்கொண்டார்.

2022 சித்திரையில் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். மூன்று படிகள், ஒன்று அவரவரிடம், ஒன்று வட்ட அலுவலகத்தில். குத்தகை விளைச்சலில் நாலில் ஒன்று, களத்தில் எடைபோட்டு, ரசீதுடன். வரப்பு வேலையும் கோடைத் தக்கைப்பூண்டும் குத்தகைதாரர் பொறுப்பு; விதைச் செலவில் பாதியும், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டும், கன்னி வாய்க்கால் வெட்டும் செலவும் உடைமையாளர் பொறுப்பு. உளுந்து எடுத்த பிறகே ஆண்டுக் கணக்கு முடியும். அடங்கலில் பயிர் செய்பவர் பெயர். நெல் கொள்முதல் நிலையத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கு ஆள் அனுப்பும் வேலை அதோடு நின்றது.

பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. முதல் சம்பாவில் ஏக்கருக்கு 29 மூட்டை. 2025 தை அறுவடையில் 34. ஆசிரியருக்குக் கிடைத்தது ஏக்கருக்கு எட்டரை மூட்டை. பன்னிரண்டு பேசிய காலத்தில் ஒரு முறைகூட அது முழுதாக வந்து சேர்ந்ததில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

இப்போது குத்தகைதாரர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். வெளி வரப்பை அகலப்படுத்திப் பன்னிரண்டு தென்னங்கன்றுகள் வைக்கலாம் என்கிறார். கன்றும் உழைப்பும் அவருடையவை; காய்ப்பில் பாதி கேட்கிறார். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒப்பந்தமோ 2027 சித்திரையோடு முடிகிறது. ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை.