வாடகை இல்லாத அப்பம்

மஃரிப் முடிந்த கையோடு பாண்டிருப்புப் பக்கமிருந்து கல்முனைக்குள் நுழைந்தால் காதில் முதலில் விழுவது பஸ் ஹோர்ன் அல்ல, கொத்து ரொட்டி. சூடேறிய கல்லில் இரண்டு இரும்புத் தகடுகள் மாறி மாறி விழும் சத்தம் கடைக்குக் கடை தொற்றிக்கொண்டு கல்முனைக்குடி தாண்டி சாய்ந்தமருது வரை கூடவே வரும். சத்தம்தான் விளம்பரம். அதனால் எந்த முதலாளியும் கொத்துக் கல்லைக் கடையின் பின்பக்கம் வைக்கமாட்டார். கொத்தோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் நாலு பேர் ஒரு மேசையில் இருந்து கதைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் அங்கே கத்தித்தான் ஆகவேண்டும்.

சில வருடங்களாக இன்னொரு வகைக் கடையும் முளைக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் பிளாஸ்டிக் புல், பெயரில் எப்படியும் அரபு வாடை. அங்கே அமைதி உண்டு. பில்லைப் பார்த்தால் நாமும் அமைதியாகிவிடுவோம்.

பெண்களோடு போகிறவர்களின் பாடு வேறு. பழைய ஹோட்டல்களில் 'பெமிலி ரூம்' என்று ஒரு மூலையைத் திரைச்சீலையால் மறைத்திருப்பார்கள். காற்றாடி இருந்தால் அதிர்ஷ்டம். உம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஒரு பிளேன்டி குடிக்க வைக்கலாம் என்று நினைப்பவருக்கு அந்தப் புழுக்கத்தைத்தான் கடைக்காரர் மரியாதை என்று தருகிறார். வெளியே விசாலமாக இருக்கிற ஆண்களுக்கும் உள்ளே வேர்க்கிற பெண்களுக்கும் விலை மட்டும் ஒன்று.

அமைதியாக, கையைக் கடிக்காமல் சாப்பிட வேண்டுமென்றால் பிரதான வீதியை விட்டு இறங்க வேண்டும். கடற்கரைப் பக்கமாக ஓடும் ஒழுங்கைகளில் காலையிலும் பின்னேரத்திலும் சில வீட்டு வாசல்களில் ஒரு வாங்கும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளும் வெளியே வரும். பலகை கிடையாது, பெயரும் கிடையாது. நான் போகும் இடத்தில் ராத்தா ஒரு கையால் சட்டியைச் சுழற்றி மாவை விளிம்புக்கு ஏற்றுவார். மறுகையால் தகர மூடியை வைத்து, அதன் மேலிருக்கும் சிரட்டைத் தணலை விசிறுவார். "இரிங்க தம்பி, சம்பல் இப்பதான் அரைக்கன்" என்பார். அரைத்து முடியும் வரை அடுத்த அப்பம் வராது. அவசரக்காரர்கள் அங்கே போகக்கூடாது. அப்பம் பீங்கானுக்கு வரும்போது ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் தேங்காய்ப்பால் இன்னும் இறுகியிருக்காது. அதோடு கீரி மீன் ஆணம். காசு கொடுக்கும்போது இவ்வளவுதானா என்று ஒரு தரம் கேட்கத் தோன்றும்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது? இந்தக் கரையோரத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு. முஸ்லிம்களிடம் மட்டுமல்ல, காரைதீவுத் தமிழரிடமும் இதே வழக்கம்தான். ஆகவே ராத்தாவுக்கு வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை. வீதியில் நாம் கொடுக்கும் கொத்துக் காசில் ஒரு பங்கு கட்டட முதலாளிக்குப் போகிறது. அந்த வாடகையை எடுக்கக் கூட்டம் வேண்டும், கூட்டத்தை இழுக்கச் சத்தம் வேண்டும். ஒழுங்கையில் வாடகையும் இல்லை, அது கேட்கும் கூட்டமும் இல்லை. சீதன வீட்டைப் பற்றி ஊரில் ஆயிரம் முறைப்பாடு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் மலிவான அப்பம் அந்த வாசலில்தான் வேகிறது.

2022 நெருக்கடியில் இந்த வாசல் அடுப்புகளின் பலம் நன்றாகவே தெரிந்தது. ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ கேஸ் சிலிண்டர் ஒரே அடியாக 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் வரிசையில் காய வேண்டியிருந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். வீதிக் கடைகள் அடுப்பை அணைத்து வைத்திருந்த நாட்களில் ஒழுங்கைகளில் பொச்சும் சிரட்டையும் எரிந்தன. அப்பத்தின் அளவு சுருங்கியது உண்மைதான். அடுப்பு அணையவில்லை.

இந்த வாசல்களைக் கண்டுபிடிக்க ஆட்டோக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் கண்ணாடிக் கதவில்தான் இறக்குவார். மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி ஹோர்ன் அடித்துவரும் மீன்காரரிடம் கேளுங்கள். நாள் தவறாமல் இரண்டு கிலோ கீரி எடுக்கும் வீடு எது என்று அவருக்குத் தெரியும். அது கல்யாண வீடாக இருக்க முடியாது. தேங்காய்க் கடையிலும் விசாரிக்கலாம். ஒலுவில் பக்கம் போனால் அதுவும் தேவையில்லை. 1995இல் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகிவிட்ட அந்த வளாகத்தின் பிள்ளைகளே வழி சொல்வார்கள். போர்டிங்கில் இருக்கும் பிள்ளையை விட மலிவான சோற்றின் விலாசம் அறிந்தவர் யார்?

வீட்டு அடுப்பு சுத்தமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பீ.எச்.ஐ.மார் இந்த வாசல்களுக்கும் வரட்டும். வந்து விரட்டாமல், தண்ணீரையும் கையையும் பார்த்து, சிறிய கட்டணத்தில் பதிவுசெய்து கொடுத்தால் நல்லது. மாநகர சபைக்கும் அது பெரிய பாரமில்லை.

இந்தக் கடைகளின் ஆயுசுதான் குறைவு. காரணம் அதே வீடு. மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசினால் வீடு அவளுக்கு எழுதப்படும், உம்மாவும் வாப்பாவும் பின்னால் ஒரு அறைக்கு ஒதுங்குவார்கள். நான் சொன்ன ராத்தாவின் வீட்டிலும் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கல்யாணம். வாங்கு எங்கே போகும் என்று கேட்டேன். "மருமகன்ட மனம் எப்பிடியோ, யாருக்குத் தெரியும்? வாசல்ல ஆக்கள் இரிக்கிறது அவருக்குப் புடிக்காட்டி பார்சல் மட்டும் குடுப்பம். மகள் வட்ஸ்அப்ல ஓடர் எடுப்பாள்" என்றார். இப்போதே இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள் நம்பர் வாங்கிவிட்டார்களாம்.